பொழுதுபோக்கும் பொறுப்பும்: புகைப்படக் கலைபற்றி ஒரு மதிப்பீடு

நமது இலக்கிய உலகிலே சிறுகதைக்கு விமர்சனம் உண்டு; கவிதைக்கு உண்டு; நாடகத்துக்கும் ஓரளவு உண்டு. ஆனால், பாடசாலை முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலும் கமராவைத் தூக்கிக்கொண்டு இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்து வரும் ஓர் ஆசிரியரின் அல்லது எழுதுவினைஞரின் முயற்சியைக் கலை என்ற முறையில் எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் தோன்றவில்லை. “அது அவருடைய பொழுதுபோக்கு” என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகின்றது. பாராட்டுவோரும் அவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். பழிப்போரும் அவ்வளவோடு நின்றுவிடுகின்றனர்.

இப்புறக்கணிப்புக்கு அடியிலே இரண்டு தவறான கருத்துக்கள் உள்ளன. புகைப்படம் ஓய்வும் வசதியும் படைத்தோரின் விளையாட்டு. சமுதாய உணர்வுள்ள மனிதனுக்கு அதிலே அக்கறை கொள்ள எதுவுமில்லை என்பது ஒன்று. பொழுதுபோக்காகச் செய்யப்படும் கலை சந்தையின் நிர்ப்பந்தத்துக்கு உட்படாதது. ஆகவே அது தூய கலை. அதனிடம் சமுதாயக் கேள்விகள் எழுப்புவது பொருத்தமற்றது என்பது மற்றையது. முதலாவது கருத்தை நம்மவரிற் சிலரும், இரண்டாவதைக் கலைக்காகவே கலை என்போரும் சொல்லி வருகின்றனர். இவ்விரண்டும் உண்மையின் ஒவ்வொரு பாதியை மட்டும் பற்றிக்கொண்டவை என்பதை, நமது தீவோடு தொடர்புடைய இரு புகைப்படக்காரரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் ஜூலியா மார்கரெட் கமறன். மற்றவர் லயனல் வென்ட். இருவரும் இளமையிலே இத்துறைக்கு வந்தவர்களல்லர். இருவருக்கும் இது பிழைப்புக்காகப் பயின்ற தொழிலுமன்று.

முதலில் ‘அமெச்சூர்’ என்ற சொல்லை நோக்குவோம். இலத்தீன் மொழியிலே நேசிப்பவன் என்று பொருள்படும் சொல்லினின்றும் பிரெஞ்சு வழியாகப் பிறந்தது அது. கைதேராதவன் என்ற இழிபொருள் பின்னரே அதனோடு வந்து ஒட்டியது. தொழில்முறைக் கலைஞன் வாங்குவோனுக்காகச் செய்கின்றான்; அமெச்சூர் தன் ஆர்வத்துக்காகச் செய்கின்றான் என்பதே மூலப் பொருளிலுள்ள வேறுபாடு. புகைப்பட வரலாற்றில் இவ்வேறுபாடு அற்பமானதன்று. 1839ஆம் ஆண்டிலே பாரிசிலும் லண்டனிலும் இக்கலை அறிவிக்கப்பட்டதன் பின்னர், சில தசாப்தங்களுக்குள் அது ஒரு வியாபாரமாக வளர்ந்துவிட்டது. இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய கம்பெனிகளும், 1890இல் ஆரம்பமான பிளாட்டே கம்பெனியும் தோட்டத் துரைமாருக்கும் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைப் பிரயாணிகளுக்கும் படங்களை விற்றன. விற்பனைக்குரிய படம் எவ்வாறிருந்தது? தென்னஞ்சோலை, தலதா மாளிகை, யானை, தேயிலைத் தோட்டம். இவற்றோடு ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்கள மனிதன்’ என்றவாறு இனத்தின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்ட மனிதர். ஒரு மனிதன் ஒரு வகையின் மாதிரியாகக் காட்டப்பட்டான். சந்தை கேட்டது மாதிரிகளை. ஸ்ரூடியோ கொடுத்தது மாதிரிகளை. இந்நிலையிலே சந்தைக்குக் கட்டுப்படாத ஒருவர் வேறு விதமாகப் பார்க்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அவ்வெதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதே நம் கேள்வி.

ஜூலியா மார்கரெட் கமறன் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியிலே, இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். அவ்வயதிலே ஒரு புதிய கலையைத் தொடங்குவது அக்காலத்திலே எத்தகைய காரியம் என்பதை இன்றைய வாசகர் எளிதில் உணரமுடியாது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, அது காய்வதற்கு முன்னர் கமராவிற் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுசென்று கழுவுதல் வேண்டும். சிறு தூசும் தகட்டைக் கெடுக்கும். கைகள் இரசாயனத்தாற் கறுக்கும். படத்துக்கு இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். கமறன் கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பறையாகவும், நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றினார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தபோது, அதுவே தமது முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றுள் ஏறத்தாழ 1,200 படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன.

அன்றைய புகைப்படச் சங்கத்தினர் அவரை ஏளனஞ் செய்தனர். படம் தெளிவில்லை, தகட்டிலே கீறலும் கறையும் உள்ளன, இது தேர்ச்சியின்மை என்றனர். உண்மையில் அவர் தெளிவின் எல்லையைத் தாமே தெரிந்தெடுத்தார். முகத்தை மிக நெருங்கி, ஒரு பக்கத்து ஒளியை மட்டும் விட்டு, உடையையும் அறையையும் இருளில் ஒதுக்கி, முகத்திலே மனம் தெரியும் கணத்துக்குக் காத்திருந்தார். வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷலின் முதிய முகத்தை 1867இல் அவர் எடுத்த படத்தைப் பார்ப்போர், அக்காலத்து ஸ்ரூடியோக்கள் தூணும் திரையும் வைத்து எடுத்த படங்களினின்றும் இது எவ்வளவு வேறானது என்பதைக் காண்பர். ஸ்ரூடியோக்காரன் ஒருவன் இவ்வாறு எடுத்திருந்தால் பணம் கொடுத்தவன் படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பான். வாங்குவோனின் கட்டளை இல்லாமையே கமறனுக்குத் துணிவைத் தந்தது. அவர் தமது படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தார். லண்டன் வியாபாரிகள் மூலம் விற்கவும் முயன்றார். எனினும் விற்பனைக்காகத் தமது பார்வையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பொழுதுபோக்குக் கலையின் மெய்யான பலம் இதுவே. அதை நாம் தயங்காது ஒப்புக்கொள்ளவேண்டும்.

நிற்க. அவ்வோய்வு எங்கிருந்து வந்தது? அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமறன், நமது மாணவர் பாடப்புத்தகத்திலே படிக்கும் கோல்புறூக் - கமறன் விசாரணைக் குழுவின் இரண்டாம் பெயருக்குரியவர். நீதிமுறை பற்றிய அறிக்கை அவருடையது. இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதும், 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களும் பழைய நிலமானியக் கட்டுக்களைத் தளர்த்தி, மூலதனம் இத்தீவிலே தடையின்றி இயங்க வழிவகுத்தன. தொடர்ந்து வந்தது கோப்பி. மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக நடந்தனர். கொலராவினாலும் காய்ச்சலினாலும் வழியிலேயே மாண்டோர் பலர். சாள்ஸ் கமறன் இத்தீவிலே கோப்பித் தோட்டங்களை வாங்கினார். அவருடைய குடும்பத்தின் நல்வாழ்வு அத்தோட்டங்களை எதிர்பார்த்திருந்தது. ஆகவே, வைற் தீவின் அந்தக் கண்ணாடி அறைக்கும் நமது மலைநாட்டுக்கும் இடையிலே பொருளாதார உறவு ஒன்று முதலிலிருந்தே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1869இல் கோப்பி இலைநோய் இங்கு தோன்றிப் பரவியது. 1875இலே கமறன் தம்பதியர் இலங்கைக்கு வந்து குடியேறினர். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அவர், 1879 ஜனவரியில் திக்கோயாப் பகுதியிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்திலே அவருடைய கல்லறை இருக்கின்றது.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் வீட்டுப் பணியாளரும் இவற்றிலே காணப்படுகின்றனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். இப்படங்களை ஸ்கீன் கம்பெனியின் படங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே புலனாகும். இங்கே மனிதர் காட்சிப் பொருளாகக் கைகட்டி நிற்கவில்லை. சிலர் நேரே நோக்குகின்றனர். அந்நோக்கிலே எச்சரிக்கையும் களைப்பும் சில வேளை ஒரு வகைக் கர்வமும் தெரிகின்றன. டெனிசனையும் டார்வினையும் பார்த்த அதே கண்ணே இவர்களையும் பார்த்தது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் படத்தின் அடியிலே எழுதப்பட்டதையும் நாம் பார்க்கவேண்டும். வைற் தீவிலே அவருக்கு அடிக்கடி மாதாவாகவும் தேவதையாகவும் இருந்து காட்டியவள் மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண். மேரி றையன் என்ற இன்னொருத்தி, பிச்சையெடுத்த அயர்லாந்துத் தாயோடு வந்தவள். கமறன் வீட்டிலே வளர்ந்து வேலைசெய்தவள். 1867இல் அவளை மணந்த ஹென்றி கொற்றன் பின்னர் 1904ஆம் ஆண்டு இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார். இவ்வேலைக்காரப் பெண்களின் பெயர்களைக் கலை வரலாறு இன்று அறியும். களுத்துறைக் குடியானவர் குழு ஒன்றை 1878இல் கமறன் எடுத்த படத்திலோ, சிறுமிக்கு வயது 12 என்றும், தகப்பன் என்று சொல்லிக்கொள்ளும் முதியவர் தமக்கு வயது 100 என்கிறார் என்றும் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. வயது கேட்கப்பட்டிருக்கின்றது, அதற்கு விடையும் கிடைத்திருக்கின்றது. பெயர் எழுதப்படவில்லை.

இது தனிமனுஷியின் குறை என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய கண் தன் வர்க்கத்தைத் தாண்டிச் சென்றது. அவருடைய பேனா அவ்வளவு தூரம் செல்லவில்லை. மலைநாட்டிலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. தோட்டத்துச் செக்ரோலிலே பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. குறித்த அளவு கொழுந்து கொடுக்காவிட்டால் ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரே நாட்கூலியின் அலகாகிவிட்ட ஓர் உலகம் அது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியபோது, தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தமைக்கு எழுத்திலுள்ள சான்று கேட்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை அப்பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் கூடிய படங்கள் இருந்திருந்தால் சட்டம் மாறியிருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும், ஒரு மக்கட் கூட்டத்தைப் பெயரின்றிப் பதியும் வழக்கமும் அக்கூட்டத்தை இல்லாததாக்கும் அரசியலும் ஒரே சமுதாய அமைப்பிலிருந்து வந்தவை என்பதை விமர்சகன் சுட்டாதிருக்க முடியாது.

இனி லயனல் வென்டுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டு கொழும்பிலே வசதிபடைத்த பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை உயர்நீதிமன்ற நீதியரசர். லண்டனிலே சட்டமும் பியானோ வாத்தியமும் பயின்று 1924இல் திரும்பினார். சட்டத்தொழிலைக் கைவிட்டு இசையிலே ஈடுபட்டார். புகைப்படத்தில் அவர் தீவிரமாக இறங்கியது முப்பது வயதைத் தாண்டிய பின்னரே. 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் வெளிவந்த பசில் றைற்றின் ‘இலங்கைப் பாட்டு’ என்ற விவரணச் சித்திரத்துக்கு விளக்கவுரை படித்த குரலும் அவருடையதே. 1938இல் லண்டனிலே அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலிய ஓவியர் ‘43 குழு’வாக ஒன்றுகூடியது அவருடைய முயற்சியினாலும் அவருடைய இல்லத்திலுமாகும். 1944 டிசம்பரில் 44 வயதிலே அவர் காலமானார். படங்களின் மூலத்தகடுகள் அவருக்குப் பின் அழிந்துபோயின. ‘லயனல் வென்டின் இலங்கை’ என்ற தொகுதி 1950இலே லண்டனில் வெளியாயிற்று.

வென்ட் காலத்திலே தொழில்நுட்பம் மாறிவிட்டது. 1888இல் கொடக் கமரா வந்தபோது, நூறு படங்களுக்குரிய சுருளைத் தொழிற்சாலையே உள்ளே வைத்துக் கொடுத்தது. எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். படமெடுப்பவன் வேறு, படத்தை ஆக்குபவன் வேறு என்ற வேலைப்பிரிவினை அன்று நிலைபெற்றது. பொழுதுபோக்குக்காரர் கோடிக்கணக்கிற் பெருகினர். ஆனால் பெரும்பாலோர் தம் படம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறியாத வாடிக்கையாளராயினர். வென்ட் இப்பிரிவினையை ஏற்கவில்லை. கைக்கமராவில் எடுத்த படத்தைத் தாமே கழுவி, தாமே அச்சிட்டார். ஒளியைப் பாதிவழியில் மீண்டும் பாய்ச்சி உருவங்களின் விளிம்பை மாற்றினார். பல படங்களை இணைத்து ஒரு படமாக்கினார். உலகப் புகைப்படக் கலை அக்காலத்திலே கண்டுகொண்டிருந்த சோதனைகளைக் கொழும்பிலிருந்து அவர் சமகாலத்திலேயே செய்தார். உருவத்தைப் பற்றிய அக்கறையை வெறும் உருவவாதம் என்று ஒதுக்கும் நம் நண்பர்கள், இருட்டறையிலே ஒரு மனிதன் செலவிட்ட இரவுகளை எண்ணிப்பார்க்க வேண்டும். கைத்தொழிலின் மீதுள்ள மதிப்பு முற்போக்காளனுக்கு அந்நியமானதன்று.

வென்டின் படங்களிலே கண்டி நடனக் கலைஞரும் மீனவரும் உழைப்பாளரும் கிராமத்துப் பெண்களும் நிறைந்திருக்கின்றனர். பிளாட்டே கம்பெனியின் தபாலட்டைகளோடு ஒப்பிட்டால் இது ஒரு புரட்சியே. அடிமைநாட்டின் மனிதன் இங்கே பரிதாபத்துக்கோ வேடிக்கைக்கோ உரியவனல்லன், அழகுக்குரியவன். ஆங்கிலங் கற்ற மேல்வர்க்கத்தார் பியானோவையும் கிறிக்கெற்றையும் நாகரிகமாகக் கொண்டிருந்த காலத்திலே, அதே வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் கண்டி நடனக்காரனின் உடலிலே கலையைக் கண்டார். அக்கலைஞரை ஆதரிக்கவும் செய்தார். ஆணுடலின் அழகை அவர் கண்ட விதத்திலே, அன்றைய சமுதாயம் வெளிப்படையாகப் பேச அனுமதிக்காத ஒரு வேட்கையும் கலந்திருந்தது என்பதை இன்றைய ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதைக் குறையாகக் கூறுவதற்கில்லை; அவருடைய பார்வையின் நேர்மைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. வென்டின் மனிதர் உழைக்கும் உடல்கள்; ஆனால் உழைப்பு எங்கே? தசையின் திரட்சியிலே ஒளி விழுகின்றது. அத்தசையைத் திரட்டிய பளுவும் கூலியும் கடனும் படத்துக்கு வெளியே நிற்கின்றன. 1930களிலே மலேரியா இத்தீவிலே பல்லாயிரவரைப் பலிகொண்டது. 1934 - 35ஆம் ஆண்டுகளின் அக்கொடிய தொற்றுநோய்க் காலத்திலேதான் இடதுசாரி இளைஞர் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் கொண்டுசென்றனர். அதே ஆண்டுகளில் வென்ட் கமராவோடு கிராமங்களிலே உலவினார். அவருடைய கிராமம் காலத்துக்குப் புறம்பான, வரலாறு தீண்டாத கிராமமாகவே பெரும்பாலும் காட்சியளிக்கின்றது. இங்கும் மனிதருக்குப் பெயர் அரிது. கமறனிடம் நாம் கண்ட பாதிவழி வேறொரு வடிவிலே இங்கும் தொடர்கின்றது.

அப்படியானால், வர்க்கத்தின் எல்லையைப் பொழுதுபோக்குக் கலை தாண்டவே முடியாதா? இதற்கு வரலாற்றில் வேறொரு விடையும் உண்டு. 1926இலே ஜெர்மனியில், தொழிலாளர் சஞ்சிகையான ‘ஏ.ஐ.இசற்’ தன் வாசகரிடமே படங்களைக் கேட்டது. ஆலையும் குடியிருப்பும் தொழிலாளியின் கண்ணால் எவ்வாறு தெரிகின்றன என்பதை முதலாளித்துவப் பத்திரிகையின் படப்பிடிப்பாளன் காட்டமாட்டான். தொழிலாளியே காட்டவேண்டும் என்பது அதன் வாதம். அதே ஆண்டில் தொழிலாளர் புகைப்படச் சங்கமும் தோன்றியது. சம்பளத்தை மிச்சம்பிடித்து மலிவான கமராக்களை வாங்கிய தொழிலாளர், ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடிப் படங்களை விமர்சித்தனர். 1933இல் நாசிகள் அவ்வியக்கத்தை நசுக்கினர்.

நியூயோர்க்கிலே 1936இல் உருவான புகைப்படக் கழகம் நம் வாசகர்க்கு இன்னும் நெருக்கமானது. அதன் முக்கிய உறுப்பினருள் ஒருவரான ஆரன் சிஸ்கின்ட் ஒரு பாடசாலை ஆசிரியர். நியூயோர்க் நகரப் பொதுப் பாடசாலைகளிலே இரண்டு தசாப்தங்களுக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவர். திருமணத்தையொட்டிப் பரிசாகக் கிடைத்த கமராவோடு அவருடைய பொழுதுபோக்குத் தொடங்கியது. அவர் வழிநடத்திய குழு, கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் ஒத்துழைப்புடன், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தது. அம்முயற்சியிலும் குறை உண்டு. ஹார்லெம் மக்களின் வறுமையைக் காட்டிய அளவுக்கு அவர்களுடைய ஆக்கத்தைக் காட்டவில்லை என்று பிற்கால விமர்சகர் கூறியுள்ளனர். ஆயினும், தனிமனிதனின் ரசனை கூட்டு விமர்சனத்துக்கு உட்பட்டபோது பொழுதுபோக்கின் தன்மையே மாறியது என்பது இங்கே முக்கியம். 1947இல் அமெரிக்க அரசு அக்கழகத்தைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது; 1951இலே அது மூடப்பட்டது. வெறும் பொழுதுபோக்கைக் கண்டு எந்த அரசும் அவ்வளவு அஞ்சுவதில்லை.

இன்று நமது நிலை யாது? கையிலுள்ள தொலைபேசியே கமராவாகிவிட்டது. கமறனுக்கிருந்த கோப்பித் தோட்டமோ வென்டுக்கிருந்த குடும்பச் சொத்தோ இல்லாமலே ஓர் ஆசிரியன் படமெடுக்கலாம். கருவி எளிதாயிற்று, ஓய்வு எளிதாகவில்லை. சம்பளம் போதாமையால் மாலையிலே ரியூசன் வகுப்புக்கு ஓடும் ஆசிரியனுக்குப் பொழுதே இல்லை, போக்குவது எங்ஙனம்? ஆகவே, எட்டு மணிநேர வேலைக்கும் நியாயமான சம்பளத்துக்குமான போராட்டம் கலைக்கான போராட்டமும் ஆகும் என்பதை முதலிலே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது தடை போட்டிகளும் பரிசுகளும் வளர்த்துவிட்ட ரசனையாகும். சந்தைக்குக் கட்டுப்படாதவன் என்று பெருமை பேசும் அமெச்சூர், பரிசுக்குக் கட்டுப்படுகின்றான். சுருங்கிய முகத்து முதியவர், பீடிப்புகைக்குள் ஒளிக்கதிர், கொக்கலைக் கரையிலே கழியின்மேல் அமர்ந்த மீனவர், மூடுபனியிடையே சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண். கழிமீனவர் பலர் இன்று மீனுக்காக அன்றி, பிரயாணிகள் கொடுக்கும் காசுக்காகவே அங்கே அமர்கின்றனர் என்பதை யாவரும் அறிவர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிரிப்பும் அத்தகையதே. அவளுடைய முதுகிலே தொங்கும் கொழுந்தின் நிறையோ, அட்டை கடித்த காலோ, லயத்து அறையிலே ஏழு பேர் படுக்கும் இரவோ அப்படத்தில் வருவதில்லை. பிளாட்டே கம்பெனி வெள்ளையருக்கு விற்ற அதே ‘மாதிரி’யை, நாம் பணம் பெறாமலே மறுபடியும் உற்பத்தி செய்து கொடுக்கின்றோம்.

இங்கேதான் நீண்டகாலப் பொழுதுபோக்கின் சிறப்பு விளங்கவேண்டும். பிரயாணி ஒரு நாள் வருகின்றான். பத்திரிகைப் படப்பிடிப்பாளன் கலவரமோ வெள்ளமோ வந்தால் வருகின்றான். ஊரிலே வாழும் ஆசிரியன் இருபது ஆண்டுகள் அங்கேயே இருக்கின்றான். ஒரு சிறுமி முதலாம் வகுப்புக்கு வருவதையும், அவள் படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதையும், அவளுடைய பிள்ளை அதே வகுப்புக்கு வருவதையும் அவன் காண்கின்றான். அதே ஒழுங்கை, அதே கிணறு, அதே லயம், அதே கடற்கரை ஆண்டுக்காண்டு மாறுவதைப் பதிவு செய்ய அவனைவிடத் தகுந்தவர் யார்? தேர்ந்த தொழில்முறைக் கலைஞனிடம் இல்லாத ஒரு மூலதனம் அவனிடம் உண்டு: காலம். அதனை ஒற்றை அழகிய படத்துக்காகச் செலவிடுவது வீண்.

படமும் பெயரும் சேர்ந்திருப்பதன் பெறுமதியை வடக்குக் கிழக்கு மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்திலே போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையிலே ஏந்தியிருந்தவை பிள்ளைகளின் புகைப்படங்கள். அடையாள அட்டைக்காக எடுத்த படம். கலியாண வீட்டிலே யாரோ ஓர் உறவினர் எடுத்த படம். பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே எடுத்துப் பின்னர் பெருப்பித்த படம். கலைக்காட்சியிலே இடம்பெறாத அப்படங்களே நீதி கேட்கும் சான்றுகளாயின. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டையும் அல்பத்தையும் இழந்த குடும்பங்களில் அச்சான்றும் இல்லாதோர் உண்டு. ஊரிலே ஒருவர் பெயரெழுதிப் படங்களைப் பாதுகாத்து வைத்திருந்தால், அக்குடும்பங்களுக்கு அது எத்தகைய உதவியாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே, இக்கலையிலே ஈடுபடும், ஈடுபட விரும்பும் ஆசிரியரும் மாணவரும் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து ஆண்டுக்கணக்கிலே தொடர்தல் வேண்டும். எடுக்கப்படுபவரின் சம்மதத்தைப் பெறவேண்டும். அவர் விரும்பினாற் பெயரையும், இடத்தையும் திகதியையும் எழுதிவைக்க வேண்டும். பெயர் வெளிவந்தால் அவருக்குத் தீங்கு வரும் என்றால் அதனை மறைத்துக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவர் கையிலே கொடுக்க வேண்டும். வென்டின் தகடுகளுக்கு நேர்ந்த கதி நம் படங்களுக்கு நேராதவாறு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலே பிரதி வைத்தல் வேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, தனித்து நில்லாது ஐந்தாறு பேராவது மாதம் ஒருமுறை கூடி, இப்படம் யாருடைய கண்ணால் எடுக்கப்பட்டது, யாருக்காக எடுக்கப்பட்டது, இதில் விடுபட்டது எது என்று ஒருவரையொருவர் கேட்டல் வேண்டும். படத்திலுள்ளவரையும் அக்கூட்டத்துக்கு அழைத்தல் இன்னும் நன்று. ஹார்லெம் குழுவினரின் குறையை அவரே முதலிலே சுட்டிக்காட்டுவார்.

கமறனிடமிருந்து முகத்தை நெருங்கும் துணிவையும், வென்டிடமிருந்து ஒளியையும் கைவேலையையும் பற்றிய கண்டிப்பையும், தொழிலாளர் சங்கங்களிடமிருந்து கூட்டு விமர்சனத்தையும் நாம் கற்றுக்கொள்ளலாம். பாடசாலை தோறும் சித்திரப் பாடத்தோடும் வரலாற்றுப் பாடத்தோடும் இணைந்த ஒரு சிறு புகைப்படக் கழகம் அமையுமாயின், அதற்கு அதிக பணம் தேவையில்லை. ஒரு தோட்டத்துப் பாடசாலையின் மாணவர் தம் பாட்டன் பாட்டியரைப் படமெடுத்து, அடியிலே அவர்களுடைய முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் செய்த வேலையையும் எழுதத் தொடங்கட்டும். களுத்துறைப் படத்திலே எழுதப்படாது விடப்பட்டதை எழுதும் வேலை அங்கிருந்து ஆரம்பமாகலாம்.